அக்காவின் ஃபெடரல் கணக்கில் 61,400 டாலர்: மாநிலத் தேர்தலுக்கு மாற்றலாமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். என் அக்கா 2024இல் அமெரிக்கக் காங்கிரசின் கீழவைக்குப் போட்டியிட்டு, ஆகஸ்ட் 6ஆம் தேதி பிரைமரியில், அதாவது பொதுத்தேர்தலுக்கு முந்திய முதற்கட்டத் தேர்தலில், தோற்றுவிட்டார். அவருடைய பிரச்சாரக் குழுவுக்கு நான்தான் பொருளாளர். கணக்கில் இன்னும் 61,400 டாலர் இருக்கிறது. அக்கா இப்போது மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கு நிற்க முடிவு செய்திருக்கிறார். அந்தப் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றலாமா? ஃபெடரல் சட்டத்தை, அதாவது மத்திய அரசின் சட்டத்தை, படித்தேன். மாநில வேட்பாளருக்குக் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது. வர்ஜீனியாவில் இருக்கும் என் மச்சான், “ஒரே செக்காக எழுதிவிடு, இங்கே அப்படித்தான் செய்கிறார்கள்” என்கிறார். மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸில் இருக்கும் பெரியப்பா மகனோ, “ஒரு டாலரைக்கூடத் தொடாதே, சட்டவிரோதம்” என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று: நாளைக்கு அக்கா மறுபடியும் காங்கிரசுக்கு நின்றால், மிச்சப் பணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? நன்கொடைப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மச்சான் சொல்வது வர்ஜீனியாவுக்குச் சரி. பெரியப்பா மகன் சொல்வது மினசோட்டாவுக்குச் சரி. இரண்டுமே உங்கள் ஊருக்குப் பொருந்தாது. எங்கிருந்து பணம் போகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்க்காமல் விடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பிரச்சாரக் கணக்குகளைப் பார்க்கும் வேலையில் இத்தனை வருடமாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட எல்லாருமே முதலில் இருப்புத் தொகையைத்தான் சொன்னார்கள். நீங்கள் பட்டியலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதனால்தான் நீங்கள் கேட்காத, ஆனால் உடனே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஃபெடரல் பக்கம். நீங்கள் படித்தது சட்டத்தின் 30114ஆம் பிரிவாக இருக்கும். பிரச்சாரப் பணத்தை எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்று அது வரிசையாகச் சொல்கிறது: தேர்தல் செலவு, பதவியில் இருப்பவரின் அலுவல் செலவு, அறக்கொடை, கட்சிக்குக் கொடுப்பது, பிறகு மாநில, உள்ளாட்சி வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் நன்கொடை. அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். “மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு” என்று ஒரு வால் இருக்கும். பெரும்பாலானவர்கள் வாலை விட்டுவிட்டுத் தலையை மட்டும் படிக்கிறார்கள். பிரச்சினை முழுவதும் வாலில்தான் இருக்கிறது.

அந்த வரி எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டியதுதான். 2002இல் மெக்கெய்ன், ஃபைன்கோல்டு என்ற இரண்டு செனட்டர்களின் பெயரால் அழைக்கப்படும் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதற்கு முன் “சட்டபூர்வமான வேறு எந்த நோக்கத்துக்கும்” என்று பொதுவாக இருந்த அனுமதியை அது எடுத்துவிட்டது. அதனால் ஃபெடரல் பணத்தை மாநிலத் தேர்தலுக்குக் கொடுக்கலாமா என்பதே இரண்டு வருடம் கேள்விக்குறியாக இருந்தது. 2004 டிசம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் அந்தப் பொது அனுமதியைத் திரும்பக் கொண்டுவந்தது. கூடவே மாநில வேட்பாளர்களுக்கான இந்த வரியையும், அதன் வாலோடு சேர்த்து, எழுதி வைத்தது. ஆக ஃபெடரல் அரசு வெளிவாசலைத்தான் திறந்து வைத்திருக்கிறது. உள்வாசலின் சாவி ஒவ்வொரு மாநிலத்தின் கையிலும் இருக்கிறது.

அந்தச் சாவியை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகத் திருப்புகிறது. வர்ஜீனியாவில் மாநில வேட்பாளருக்கு ஒருவர் எவ்வளவு கொடுக்கலாம் என்ற உச்சவரம்பே கிடையாது. மச்சான் ஒரே செக்கில் முடிப்பது அதனால்தான். மினசோட்டா நேரெதிர். காங்கிரசுக்கோ அதிபர் பதவிக்கோ நிற்பவரின் குழுவிடமிருந்து மாநில வேட்பாளர் பணம் வாங்கக் கூடாது என்று அதன் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. கொலராடோவில் இந்தத் தடை மாநில அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. 2002இல் மக்கள் வாக்களித்துச் சேர்த்த 28ஆவது பிரிவு அது. ஒரு வேட்பாளரின் குழு இன்னொரு வேட்பாளர் குழுவிடம் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது; ஃபெடரல் சட்டப்படி அமைந்த குழுவும் இதில் அடக்கம். கலிபோர்னியா நடுவழியில் போகிறது. ஒருவர் தன்னுடைய ஒரு தேர்தல் கணக்கிலிருந்து மாநிலப் பதவிக்கான கணக்குக்குப் பணம் மாற்றினால், அதை மொத்தமாகக் கொட்ட முடியாது. ஒவ்வொரு டாலரையும் அதைக் கொடுத்தவர் பெயரில் எழுத வேண்டும். அவர் புதிதாகக் கொடுப்பதையும் சேர்த்து வரம்பைத் தாண்டக் கூடாது.

எந்த விதியும் எழுதிய வடிவத்திலேயே நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. நியூ மெக்சிகோவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஸ்டீவ் பியர்ஸ் 2018 ஆளுநர் தேர்தலுக்கு நின்றார். அவருடைய ஃபெடரல் கணக்கில் சுமார் 10 லட்சம் டாலர் இருந்தது. பிரைமரிக்கு 5,500, பொதுத்தேர்தலுக்கு 5,500, ஆக மொத்தம் 11,000 டாலர்தான் மாற்றலாம் என்று தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலர் அலுவலகம் சொன்னது. ஃபெடரல் குழுவையும் ஒரு சாதாரண நன்கொடையாளராக வைத்து அவர்கள் கணக்குப் போட்டார்கள். இது என்னுடைய சொந்தக் கணக்கு, இன்னொருவர் தரும் நன்கொடையே அல்ல என்று பியர்ஸ் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். 2017 டிசம்பரில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, மாநிலத்தின் வரம்புக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. பணம் வந்துவிட்டது, தேர்தலில் அவர் தோற்றார். இந்த வழக்கைக் காட்டி, “நீதிமன்றமே சொல்லிவிட்டதே, நாமும் மாற்றிவிடலாம்” என்று சிலர் என்னிடம் வாதாடுவார்கள். அது ஒரு மாநிலத்தில், ஒரு வேட்பாளருக்காக, அந்த மாநிலச் சட்டத்தின் வாசகத்தை வைத்து வந்த இடைக்கால உத்தரவு. அதை நம்பி சியாட்டிலில் செக் எழுத வேண்டாம். பியர்ஸிடம் வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கவும் பணம் இருந்தது.

இனி உங்கள் ஊர். ஒரு சின்ன எச்சரிக்கை: ஃபெடரல் தேர்தல் ஆணையம், அதாவது எஃப்.இ.சி., இருப்பது தலைநகர் வாஷிங்டனில். உங்கள் மாநிலத்தின் பிரச்சார நிதியைக் கண்காணிக்கும் பப்ளிக் டிஸ்க்ளோஷர் கமிஷன், சுருக்கமாக பி.டி.சி., இருப்பது மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில். நீங்கள் இனிமேல் அதிகம் பேச வேண்டியது ஒலிம்பியாவோடு.

உங்கள் மாநிலச் சட்டத்தில், 2025 வரை 42.17ஏ.490 என்ற எண்ணில் இருந்த ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு பதவிக்காகத் திரட்டிய நன்கொடையை, மிச்சமாகக் கிடந்தாலும் சரி, வேறொரு பதவிக்கான போட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. விலக்கு ஒன்றுதான்: நன்கொடை கொடுத்தவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல். “பொதுப் பதவி என்று போட்டிருப்பது மாநிலப் பதவிகளை மட்டும்தானே?” என்று கேட்பீர்கள். நானும் முதன்முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதே சட்டத்தின் வரையறைப் பகுதியைப் புரட்டினால், பொதுப் பதவி என்பதற்கு ஃபெடரல், மாநிலம், நீதித்துறை, கவுன்ட்டி, நகரம் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். முதல் சொல்லே ஃபெடரல்தான். உங்கள் அக்காவின் காங்கிரஸ் நன்கொடையும் இந்த வலைக்குள் வந்துவிடுகிறது.

எனக்கு இந்த விதி பிடிக்கும். வேலை கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அக்கா காங்கிரசுக்குப் போக வேண்டும் என்று நினைத்து ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார். அவர் ஒலிம்பியா அரசியலில் அக்காவின் எதிர்த்தரப்பை ஆதரிப்பவராகக்கூட இருக்கலாம். என் பணத்தை வைத்து என்ன செய்கிறாய் என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் வீட்டுக் கூட்டத்தில் டின்னர் முடிந்து, கைபேசியை எடுத்து ஐம்பதோ நூறோ அனுப்பியிருப்பார்கள். அந்த ஐம்பது டாலருக்கும் இதே மரியாதை உண்டு.

ஒப்புதல் கிடைத்தால் மட்டும் போதாது, மாநில வரம்பும் இருக்கிறது. 2023-24இல் காங்கிரஸ் வேட்பாளருக்கு ஒருவர் ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர் வரை கொடுக்கலாம். அதே 2024இல் வாஷிங்டன் சட்டமன்ற வேட்பாளருக்கு ஒருவர் கொடுக்கக்கூடியது ஒரு தேர்தலுக்கு 1,200 டாலர்தான். பிரைமரி, பொதுத்தேர்தல் இரண்டுக்கும் சேர்த்து 2,400. இந்த எண்ணைப் பணவீக்கத்துக்கு ஏற்ப பி.டி.சி. ஆணையம் மாற்றும். அதனால் செக் எழுதும் அன்று பி.டி.சி. பக்கத்தில் அன்றைய வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே நான் போடும் கணக்கு 1,200ஐ வைத்துத்தான்.

இடம் மாறும் பணத்துக்கும் வரம்பு பொருந்துமா என்பதில் உங்கள் மாநிலத்திலேயே ஒரு பெரிய விவகாரம் நடந்தது. 2023இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பாப் ஃபெர்குசன் ஆளுநர் பதவிக்குக் களமிறங்கியபோது, பழைய தேர்தல்களின் மிச்சத்திலிருந்து சுமார் 12 லட்சம் டாலரைப் புதிய கணக்குக்கு மாற்றினார். அதுவரை ஆணையம் சொல்லி வந்த வழிகாட்டுதல் அதற்கு இடம் கொடுத்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அந்த மே மாதத்திலேயே ஆணையம் தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. இனி இப்படி மாறும் பணத்தைக் கொடுத்தவர் பெயரிலேயே எழுத வேண்டும், புதிய தேர்தலின் வரம்புக்கு உட்பட வேண்டும் என்றது. அது மாநிலக் கணக்கிலிருந்து மாநிலக் கணக்குக்குப் போன பணம். உங்களுடையது ஃபெடரல் பணம். ஆனாலும் ஆணையம் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2023க்கு முன்னால் செய்தவர் யாராவது, “நாங்கள் அப்படியே மாற்றினோமே” என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். நேற்று இரவு அதைப் பிரின்ட் எடுத்து, மேசையில் விரித்து வைத்து, ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். எக்ஸெலில் பார்க்கும்போது தப்பிப்போவது காகிதத்தில் தப்பாது என்பது என் அனுபவம்.

பார்த்ததும் முதலில் உறுத்தியது நான்கு வரிகள். நான்கு பேர் ஆளுக்கு 6,600 டாலர் கொடுத்திருக்கிறார்கள். 3,300 பிரைமரிக்கு, 3,300 பொதுத்தேர்தலுக்கு என்று நீங்களே பத்தி பிரித்துச் சரியாகக் குறித்திருக்கிறீர்கள். அக்கா பிரைமரியில் தோற்றதால் நவம்பரில் போட்டியிடவே இல்லை. நடக்காத போட்டிக்காக வாங்கிய அந்த 13,200 டாலரைப் பிரைமரி முடிந்து 60 நாட்களுக்குள், அதாவது 2024 அக்டோபர் 5க்குள், திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்தவரின் கையெழுத்தோடு, வரம்புக்கு உட்பட்டு, வேறு ஃபெடரல் தேர்தலுக்கு மாற்றி எழுதியிருக்க வேண்டும். இரண்டும் நடந்ததாகப் பட்டியலில் இல்லை. பணம் இன்னும் இருப்பில் கிடக்கிறது.

தம்பி, பதற வேண்டாம். ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். முதல்முறை பொருளாளராக இருப்பவர்கள் அடிக்கடி விழும் பள்ளம் இது. தோற்ற இரவோடு எல்லாரும் சோர்ந்துபோய் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். காலண்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த வாரமே நான்கு பேருக்கும் ஆளுக்கு 3,300 டாலர் செக் அனுப்புங்கள். அடுத்த காலாண்டு அறிக்கையில் அதைத் திருப்பிக் கொடுத்த பணமாகக் காட்டி, தாமதமானதற்கு ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். தானாக முன்வந்து தவறைச் சொல்லும் வழி எஃப்.இ.சி.யில் இருக்கிறது. அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நாமே சொன்னால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதைச் செய்வதா என்று தேர்தல் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அந்த ஃபீஸை ஃபெடரல் கணக்கிலிருந்தே கொடுக்கலாம்.

ஆக 61,400இல் 13,200 போனால் 48,200.

அடுத்து, அச்சகத்துக்கு 2,900 டாலர் பாக்கி என்று அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். கடன் நிற்கும் வரை ஃபெடரல் குழுவை மூட முடியாது. அறிக்கையும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் அதை அடையுங்கள். மிச்சம் 45,300.

பிறகு அந்த 5,000 டாலர். அரசியல் நடவடிக்கைக் குழு ஒன்று, நாமெல்லாம் பேக் என்று சொல்வது, பிரைமரிக்காகக் கொடுத்தது. அவர்கள் ஒப்புதல் தந்தாலும் 2,400க்கு மேல் வர முடியாது. அதற்கும் மேலே ஒரு தடை இருக்கிறது. கடந்த 180 நாட்களில் வாஷிங்டன் மாநிலத்தில் பதிவு செய்த வாக்காளர்கள் பத்துப் பேரிடமாவது சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகையை வாங்காத குழு, உங்கள் மாநில வேட்பாளருக்கு நன்கொடை தர முடியாது. கிழக்குக் கரையில் இருக்கும் குழுவுக்கு இது இருக்குமா என்று துருவிக்கொண்டிருப்பதைவிட, அந்த 5,000ஐ ஃபெடரல் கணக்கிலேயே விட்டுவிடுங்கள். மிச்சம் 40,300. இதுதான் தனிநபர்களின் பணம்.

“61,400 டாலர் மிச்சம் என்றால் அது யாருடைய மிச்சம்? முதலில் கொடுத்தவருடையதா, கடைசியில் கொடுத்தவருடையதா?” என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. வங்கிக்கு எல்லா டாலரும் ஒன்றுதான், சட்டத்துக்கு அப்படியில்லை. ஒரு வேட்பாளரின் ஒரு ஃபெடரல் குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போகும்போது, கையில் இருப்பது கடைசியாக வந்த பணம் என்று எடுத்துக்கொள்ளும்படி எஃப்.இ.சி. விதி சொல்கிறது. கலிபோர்னியா, கடைசியிலிருந்தோ முதலிலிருந்தோ எண்ணலாம், ஒரு முறையைப் பிடித்துக்கொள் என்கிறது. நான் உங்களுக்குச் சொல்வது கடைசியிலிருந்து எண்ணும் முறை. பட்டியலின் அடியில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக மேலே ஏறுங்கள். ஆகஸ்ட் 5 அன்று வந்த 50 டாலர், ஆகஸ்ட் 2இல் 250, ஜூலை 30இல் பல் மருத்துவர் ஒருவர் தந்த 3,300. இப்படிக் கூட்டிக்கொண்டே போய், 40,300 எந்த வரியில் நிறைகிறதோ அங்கே சிவப்புக் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர்களின் பணம் செலவாகிவிட்டது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களிடம்தான் ஒப்புதல் கேட்க வேண்டும். எந்த முறையில் எண்ணினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கோப்பில் வையுங்கள். முறை சரிதானா என்று பி.டி.சி. ஊழியர்களிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் அதே கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் கேட்டது ஞாபகத்தில்தான் இருக்கும். காகிதத்தில் இருந்தால்தான் நாளைக்குக் காட்டலாம்.

நான் எண்ணிப் பார்த்ததில், கோட்டுக்குக் கீழே 3,300 டாலர் தந்தவர்கள் ஆறு பேர் வருகிறார்கள். அது 19,800. அவர்களிடமிருந்து ஆளுக்கு 2,400தான் வர முடியும், அதாவது 14,400. மீதி 5,400 ஃபெடரல் கணக்கிலேயே நிற்கும். மற்றவர்கள் எல்லாரும் 2,400க்கு உட்பட்டவர்கள், அவர்களுடையது 20,500. கேட்ட அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்கூட மாநிலக் கணக்குக்கு வரக்கூடியது 34,900 டாலர். 61,400ஐ மனதில் வைத்து அக்கா ஏற்கெனவே வாசற்பலகைக்கும் தபாலுக்கும் திட்டம் போட்டிருந்தால், இன்றைக்கே அவரிடம் இந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடப் போவதில்லை. அதனால் பட்ஜெட்டை இதைவிடக் குறைவாகவே வைக்கச் சொல்லுங்கள்.

ஒருவர் 1,200க்கு மேல் ஒப்புதல் தந்தால், அந்த மேல்தொகை பொதுத்தேர்தலுக்கு உரியது. அதைத் தனியாக வைத்திருக்க வேண்டும், பிரைமரிக்குச் செலவு செய்யக் கூடாது. இந்தத் தடவையாவது தேதியைக் காலண்டரில் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள். 2,400க்கும் ஒப்புதல் தந்தவர் அக்காவின் இந்தப் போட்டிக்குப் புதிதாக ஒரு டாலரும் தர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறு பெரிய நன்கொடையாளர்களிடமும் ஒப்புதல் வாங்குவதா, புதிதாக நிதி கேட்பதா என்று அக்கா தீர்மானிக்கட்டும். புதிதாகக் கொடுக்கக் கூடியவர் என்றால், நானாக இருந்தால் பழையதைத் தொட மாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஒப்புதல் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நன்கொடையாளர் பெயர், முகவரி, எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார், எந்தப் பதவிக்காகக் கொடுத்தார், இப்போது எந்தப் பதவிக்கு, எவ்வளவுக்கு ஒப்புதல், அதில் பிரைமரிக்கு எவ்வளவு, பொதுத்தேர்தலுக்கு எவ்வளவு, கையெழுத்து, தேதி. ஒப்புதல் தராவிட்டால் பணம் என்ன ஆகும் என்று ஒரு வரி நேர்மையாகச் சொல்லுங்கள். “இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்” என்ற வாக்கியம் மட்டும் வேண்டவே வேண்டாம். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லுபடியாகலாம். இந்தச் சட்டம் எழுத்தைக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதையும் நான் ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் சேருங்கள்: “நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவர்.” நம் சமூகத்துக்கு இது மிக அவசியம். ஹெச்-1பி விசாவில் இருப்பவர், பத்து வருடம் இங்கே வரி கட்டினாலும், கிரீன் கார்டு கைக்கு வரும் வரை எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தர முடியாது. ஃபெடரல், மாநிலம், ஊர்ப் பள்ளி வாரியம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் தடை. கணவன் குடிமகன், மனைவி விசாவில் என்றால், மனைவியின் பெயரில் வந்த நன்கொடை செல்லாது. பட்டியலில் ஒரே முகவரியில் இரண்டு பெயர்கள் பல இடங்களில் வருகின்றன. கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுவிடுங்கள். விசாவில் இருப்பவர் என்று தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பிவிட வேண்டும். இதில் பாதிக்கப்படுவது பொருளாளர் மட்டும் அல்ல. கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தை நாம் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

ஒப்புதல் கடிதங்கள் சேர்ந்த பிறகு, புதிய குழுவுக்குத் தனி வங்கிக் கணக்கு, பி.டி.சி.யில் பதிவு, பிறகு செக். செக் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அதோடு போகும் தாளில் ஒவ்வொருவரின் பெயரும் தொகையும் இருக்க வேண்டும். மாநில அறிக்கையில் அந்தப் பெயர்களே ஏற வேண்டும். ஃபெடரல் அறிக்கையில் அதே தொகை செலவாகக் காட்டப்பட வேண்டும். இரண்டு அறிக்கையும் ஒரு சென்ட் வித்தியாசம் இல்லாமல் பொருந்த வேண்டும். இரண்டுமே யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடியவை. எதிர்த்தரப்பில் ஒருவர் நிச்சயம் பார்ப்பார்.

லேப்டாப், பிரின்ட்டர், மின்னஞ்சல் பட்டியல் எல்லாம் ஃபெடரல் குழுவின் சொத்து. அவற்றைப் புதிய குழு இன்றைய சந்தை விலைக்கு வாங்கி, செக் கொடுத்துவிட்டால் வம்பில்லை. விலையை எப்படி முடிவு செய்தீர்கள் என்பதற்கு ஒரு சான்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி: திரும்பக் கொண்டுவர முடியுமா? முடியாது. இது ஒருவழிப் பாதை. மாநிலப் பிரச்சாரக் கணக்கிலிருந்து அதே வேட்பாளரின் ஃபெடரல் கணக்குக்குப் பணம் போகக் கூடாது என்ற எஃப்.இ.சி. விதி 1993 முதல் அமலில் இருக்கிறது. பணம் முதலில் ஃபெடரல் கணக்கிலிருந்துதான் வந்தது என்று சொன்னாலும் எடுபடாது. சுற்றி வளைத்துக் கொண்டுபோக நினைத்தவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு டென்னசி மாநில செனட்டராக இருந்த பிரையன் கெல்சியின் கதை போதும். 2016இல் காங்கிரசுக்கு நின்றபோது, தன் மாநிலக் கணக்கின் பணத்தை வேறு குழுக்கள் வழியாகச் சுற்றவிட்டுத் தன் ஃபெடரல் போட்டிக்கு உதவும்படி செய்தார். 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2023இல் 21 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2025 மார்ச்சில் அதிபர் ட்ரம்ப் மன்னிப்பு கொடுத்தார் என்பது உண்மைதான். அதை நம்பி யாரும் கணக்கு எழுத முடியாது.

அதனால்தான் முன்னால் சொன்னேன், புதிதாகக் கொடுக்கக் கூடியவரின் பழைய பணத்தைத் தொட வேண்டாம் என்று. அக்காவுக்கு இன்னொரு முறை காங்கிரசுக்கு நிற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், ஃபெடரல் டாலர் அவர் கையில் இருக்கும் அரிய பொருள். அதை மாநிலத்துக்கு அனுப்பினால் அது மாநில டாலராகவே முடிந்துபோகும். ஃபெடரல் கணக்கில் நிற்கப் போகும் பணம் அங்கேயே காத்திருக்கலாம், சட்டத்தில் அவசரம் இல்லை. காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கை மட்டும் தவறாமல் போக வேண்டும். அந்த எண்ணமே இல்லை என்றால், கொடுத்தவர்களுக்குத் திருப்பலாம், பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம், கட்சிக்குக் கொடுக்கலாம். வீட்டுச் செலவுக்கு எடுப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

இந்த வாரத்துக்கு உங்கள் வேலை அந்த நான்கு செக்குகள்தான். அனுப்பிவிட்டு, தபால் ரசீதுகளை ஸ்கேன் செய்து எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். காலாண்டு அறிக்கையில் எழுத வேண்டிய விளக்க வரியை நான் பார்த்துத் தருகிறேன்.